அடைக்கலக் குருவி: மனிதர் அமைத்த பறவைக் கூடுகளும் தீவகமும்

பறவைகளுக்குத் தமிழர் இட்ட பெயர்களிற் பல, அவற்றின் நிறத்தையோ ஒலியையோ இரையையோ பற்றி எழுந்தவை. கரிக்குருவி, மீன்கொத்தி என்பன இதற்குச் சான்றாகும். ஆயின் வீட்டுக் கூரையிலே கூடுகட்டி வாழும் சிட்டுக்குருவிக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று இம்மரபினின்றும் வேறுபட்டது. அடைக்கலக் குருவி என்னும் அப்பெயர், பறவையின் உருவத்தைக் கூறாது, பறவைக்கும் வீட்டுக்காரருக்கும் இடையேயுள்ள உறவைக் கூறுகின்றது. அடைக்கலம் புகுந்த உயிரைக் காத்தல் கடன் என்பது தமிழர் போற்றிய அறங்களுள் ஒன்று. புறாவின்பொருட்டுத் தன் உடலை ஈந்த சிபியின் வழித்தோன்றல்களாகவே சோழ மன்னர் புறநானூற்றிற் புகழப்பட்டனர். அத்தகைய பெருஞ்சொல்லொன்றை ஒரு சிறு குருவிக்கு இட்டு வழங்கிய மக்களின் மனநிலை வரலாற்று மாணவரின் கருத்துக்குரியதாகும்.

பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்கு மனிதர் இடம் அமைத்துக் கொடுக்கும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் காணப்படுவது. அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையிலே மரப்பெட்டி வைத்து நீலப்பறவைகளை வளரச்செய்யும் முயற்சி இவற்றுள் இன்று பெரிதும் அறியப்பட்டது. இவ்வழக்கங்கள் எல்லாம் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலத் தோன்றினும் நோக்கத்தால் வேறுபட்டவை. பறவையிடமிருந்து ஒன்றைப் பெறுவதற்காக அமைக்கப்பட்ட கூடு, பறவையோடு கூடி வாழ்வதற்காக விடப்பட்ட கூடு, பறவையிடமிருந்து மனிதன் பறித்ததை ஈடுசெய்வதற்காக வைக்கப்பட்ட கூடு என இவற்றை மூவகைப்படுத்தலாம். யாழ்ப்பாணத்துத் தீவகத்தை, சிறப்பாக அல்லைப்பிட்டியை, மையமாகக் கொண்டு இம்மூவகையினையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனையும் பறவையும்

வீட்டிற் கூடுகட்டும் பறவை பற்றிய தமிழ்ச் சான்றுகள் மிகப் பழையன. குறுந்தொகையில் மாமிலாடன் பாடிய 46 ஆம் செய்யுள், முற்றத்திற் காயவிட்ட தானியத்தைத் தின்று, மன்றத்திலே எருப்பொடியைக் குடைந்தாடி, வீட்டின் இறப்பிலே தன் குஞ்சுகளோடு தங்கும் குருவியைக் காட்டுகின்றது. அதே தொகையின் 85 ஆம் செய்யுள், முட்டையிடவுள்ள பேட்டுக்கு ஈற்றில் அமைப்பதற்காகச் சேவற்குருவி கரும்பின் பூவைக் கொய்து வருவதைக் கூறும். நெடுநல்வாடையிலே, கூதிர்கால மழையில் இரவும் பகலும் அறியாது மயங்கி, இரை தேடவும் செல்லாது வீட்டின் கொடுங்கையிலேயே கால்மாறி நிற்கும் புறாக்களைக் காணலாம்.

இப்பாடல்களின் பொருள் அகப்பொருளேயாயினும், அவற்றின் பின்னணியாக அமைந்த உயிரியற் செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. தானியம் முற்றத்திற் காய்தல், எருப்பொடி மன்றத்திற் கிடத்தல், கூரையில் இடுக்கு இருத்தல் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்திலேயே குருவி வாழ்கின்றது. உணவு, புழுதிநீராட்டு, ஈற்றில் ஆகிய இம்மூன்றும் இன்றைய பறவையியலாளர் சிட்டுக்குருவிக்கு இன்றியமையாதனவாகக் கூறுவனவே. இவை மூன்றும் குடும்பம் ஒன்று வாழும் வீட்டின் இயல்பான விளைவுகளாதலால், பழந்தமிழர் குருவிக்கெனத் தனியே எதனையும் அமைக்கவேண்டிய தேவை எழவில்லை. அவர்கள் வாழ்ந்த முறையே அதற்கு வாழ்வளித்தது.

புறாவின் நிலை சிறிது வேறு. மாடப்புறா என்னும் சொல்லில் மாடம் என்பது கட்டடத்தைக் குறிப்பது. கோபுரங்களிலும் மதில்களிலும் உள்ள மாடங்கள் புறாவுக்கு இயற்கையான பாறை வெடிப்புகளின் இடத்தைப் பெற்றன. குசராத்து நாட்டிலே புறாக்களுக்கும் பிற பறவைகளுக்கும் தானியம் இடுவதற்கும் அவை தங்குவதற்குமெனத் தூண்மேல் அமைத்த சபுத்தரோ என்னும் மாடங்கள் ஊர்தோறும் கட்டப்பட்டன. அவை அறத்தின் பாற்பட்டவை. ஆயின் புறாமாடம் எங்கணும் அறத்தின் பாற்பட்டதாக இருந்ததில்லை என்பதற்கு நெடுந்தீவு சான்று தருகின்றது.

நெடுந்தீவின் புறாக்கூடு

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். நெடுந்தீவு டெல்வ்ற் எனவும், அல்லைப்பிட்டி அடங்கிய வேலணைத்தீவு லைடன் எனவும், காரைதீவு அம்ஸ்ரர்டாம் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும் பெயர்பெற்றன. நெடுந்தீவிலே பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட புறாக்கூடு ஒன்று இன்றும் நிற்கின்றது. சிறு பொந்துகள் நிரைநிரையாக அமைந்த அக்கட்டடம் ஒல்லாந்தர் காலத்ததெனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. செய்தி அனுப்புவதற்குப் புறாக்கள் அதிலே வளர்க்கப்பட்டன என்பது ஊர்வழக்கு.

இவ்வழக்கினை ஆராயுமிடத்து ஓர் உண்மையை மறத்தலாகாது. செய்திப்புறா எங்கு விடப்பட்டாலும் தான் பிறந்து வளர்ந்த கூட்டுக்கே திரும்பும். அது கட்டளையிட்ட திசையிற் செல்வதன்று. எனவே நெடுந்தீவிற் பிறந்த புறா, யாழ்ப்பாணக் கோட்டைக்குத் தோணியிற் கொண்டுசெல்லப்பட்டு அங்கிருந்து விடப்பட்டால் மட்டுமே செய்தியோடு நெடுந்தீவுக்கு மீளும். நெடுந்தீவிலிருந்து கோட்டைக்குச் செய்தி அனுப்புவதாயின் கோட்டையிற் பிறந்த புறாவே வேண்டப்படும். ஆகவே நெடுந்தீவுப் புறாக்கூடு செய்தித் தொடர்புக்குப் பயன்பட்டிருப்பின், அது செய்தியைப் பெறும் இடமாகவே இருந்திருத்தல் வேண்டும். புறாவின் தாயகப் பற்றினையே ஆள்வோர் கருவியாக்கினர் என இதனைக் கூறலாம்.

செய்தி ஒருபுறமிருக்க, ஐரோப்பாவிலே புறாமாடம் இறைச்சிக்கும் எருவுக்கும் உரியதாகவும் அதிகாரத்தின் சின்னமாகவும் விளங்கியது. பிரான்சு நாட்டிலே பெரும் புறாமாடம் வைத்திருத்தல் நிலப்பிரபுக்களின் தனியுரிமையாக இருந்தது. பிரபுவின் புறா குடியானவனின் வயலில் விதையைத் தின்னும், குடியானவனோ அதனைக் கொல்லல் ஆகாது. 1789 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4 ஆம் நாளிரவு நிலப்பிரபுத்துவ உரிமைகள் ஒழிக்கப்பட்டபோது புறாமாட உரிமையும் ஒழிக்கப்பட்டமை அது மக்களை எத்துணை வருத்தியது என்பதைப் புலப்படுத்தும். பாரசீகத்தின் இஸ்பஹான் நகரைச் சூழ 17 ஆம் நூற்றாண்டளவில் எழுந்த பெருங்கோபுரங்களோ கொம்மட்டித் தோட்டங்களுக்கு வேண்டிய எருவைச் சேர்ப்பதற்காகவே கட்டப்பட்டன. இவையாவும் பெறுதற்காக அமைத்த கூடுகள்.

இருவகை முட்டிகள்

ஒல்லாந்தர் தம் தாய்நாட்டிலே மற்றுமொரு கூட்டினையும் அறிந்திருந்தனர். வீட்டுச் சுவரிலே மண்முட்டிகளைத் தொங்கவிட்டு, அவற்றில் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்ரார்லிங் பறவைகளும் சிட்டுக்குருவிகளும் முட்டையிடச் செய்தனர். முட்டியின் பின்புறத்திலே கைபுகும் அளவிற்கு ஒரு துவாரம் இருக்கும். குஞ்சுகள் கொழுத்துப் பறக்கும் பருவத்துக்குச் சற்றுமுன் அத்துவாரத்தின் வழியே அவை எடுக்கப்பட்டுச் சமைக்கப்பட்டன. இம்முட்டிகள் இங்கிலாந்துக்கும் பரவின. வட அமெரிக்காவின் வெர்ஜினியாவில் வில்லியம்ஸ்பேர்க் நகரிலே நிகழ்ந்த அகழ்வுகளிலும் 18 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தகைய முட்டிகள் கிடைத்துள்ளன.

இலங்கைக் கிராமங்களிலும் தாழ்வாரத்தில் மண்முட்டியோ சட்டியோ கட்டித் தொங்கவிட்டுச் சிட்டுக்குருவிக்கு இடங்கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. குருவி கூடுகட்டிய வீட்டிலே செல்வமும் மனையமைதியும் தங்கும் என்பது மக்களின் நம்பிக்கை. கூட்டைக் கலைத்தல் தீங்கு பயக்கும் எனவும் அஞ்சினர். தோற்றத்தில் ஒல்லாந்தரின் முட்டிக்கும் இம்முட்டிக்கும் பெரும் வேறுபாடில்லை. வேறுபாடு பின்புறத் துவாரத்திலே உள்ளது. எடுப்பதற்கு அமைத்த முட்டிக்கு இரு வாயில்கள். இருக்கவிடுவதற்கு அமைத்த முட்டிக்கு ஒரு வாயிலே போதுமானதாயிற்று.

இவ்வழக்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் எதிர்நோக்கும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. வணிகத்தின் மட்பாண்டங்கள் மண்ணிற் புதைந்து கிடந்து வரலாறாகின்றன. அல்லைப்பிட்டியிலேயே 1977 ஆம் ஆண்டில் சீன மட்பாண்ட ஓடுகள் கண்டெடுக்கப்பட்டு, ஜோன் காஸ்வெல் என்னும் அறிஞரால் ஆராயப்பட்டன. அவை சொங் அரசமரபின் காலத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 11, 12 ஆம் நூற்றாண்டுகளுக்குரிய பாண்டங்கள். 2018 ஆம் ஆண்டில் சாங்காய் அருங்காட்சியகத்தினர் இலங்கை அறிஞருடன் சேர்ந்து அங்கு மேலும் அகழ்ந்தனர். கடல்கடந்து வந்த கலங்களின் துண்டுகள் இவ்வாறு எண்ணிப் பேணப்படுகின்றன. தாழ்வாரத்திலே குருவிக்குத் தொங்கவிட்ட முட்டியோ, உடைந்தபோது வீட்டுக் குப்பையில் ஏனைய ஓடுகளோடு கலந்துவிடும். அதனை வேறாக இனங்காண எவராலும் இயலாது. அன்பினால் எழுந்த வழக்கம் தொல்பொருட் சான்றினை விட்டுச்செல்வது அரிது. அதன் சான்று அடைக்கலக் குருவி என்னும் சொல்லிலேயே எஞ்சி நிற்கின்றது.

பெட்டியின் வரலாறு

வட அமெரிக்காவின் பழங்குடியினராகிய சொக்ரோ, சிக்கசோ மக்கள், குடிசையின் அருகே சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டுத் தகைவிலான் இனப் பறவைகளுக்கு இடமளித்தமை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுள்ளது. ஐரோப்பியரிடையே பறவையின் நலன் ஒன்றையே கருதி ஈற்றில் அமைக்கும் எண்ணம் அந்நூற்றாண்டிலேதான் வலுப்பெற்றது. இங்கிலாந்திலே சாள்ஸ் வோட்டர்ரன் என்பவர் 1820-களில் தமது வளவைச் சுற்றி மதில் எழுப்பி, உள்ளே வேட்டையைத் தடைசெய்து, ஆந்தைக்கும் தகைவிலானுக்கும் இருப்பிடங்கள் அமைத்தார். ஜேர்மனியிலே பேர்லெப்ஸ் பிரபு, மரங்கொத்தி குடைந்த பொந்தின் உள்வடிவை நுணுகி அளந்து, அதேபோன்று மரக்கட்டைகளைக் குடைந்து காட்டிலே தொங்கவிட்டார். காட்டினை வணிகமுறையிற் பயிரிடத் தொடங்கியபின் பொந்துள்ள முதுமரங்கள் வெட்டப்பட்டமையே இதற்குக் காரணமாயிற்று. பெட்டி என்பது வெட்டப்பட்ட முதுமரத்தின் பதிலி என்பதை இதனால் உணரலாம்.

நீலப்பறவையின் வரலாறும் இதுவே. வட அமெரிக்காவுக்கே உரிய இப்பறவை இனம் மூன்று வகைப்படும். இவை பொந்திலே முட்டையிடுவன. எனினும் தாமே பொந்து குடையும் ஆற்றல் அற்றவை. பழைய வேலிக்கம்பங்களும் பட்ட மரங்களும் அகற்றப்பட்டபோது அவற்றின் ஈற்றிடங்கள் அருகின. எஞ்சிய பொந்துகளுக்கும் போட்டி எழுந்தது. 1851 ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து நியூயோர்க்கின் புரூக்ளினுக்குச் சிட்டுக்குருவியும், 1890 ஆம் ஆண்டில் அந்நகரின் மத்திய பூங்காவிற்கு ஸ்ரார்லிங் பறவையும் கொண்டுவரப்பட்டன. இவை பெருகி, நீலப்பறவையின் பொந்துகளைக் கைப்பற்றின. 1930-களில் இலினோய் மாநிலத்துக் குயின்சி நகரின் தோமஸ் மசல்மன் என்பவர் சாலையோரங்களில் வரிசையாகப் பெட்டிகளை வைக்கத் தொடங்கினார். லோறன்ஸ் செலெனி என்னும் அறிஞர் 1976 ஆம் ஆண்டில் இப்பறவை பற்றி நூலொன்றை வெளியிட்டார். 1978 ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கம் தோன்றியது. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் தம் கொல்லைகளிற் பெட்டி வைத்துக் காத்ததன் பயனாக, அருகிவந்த பறவை மீண்டும் பெருகியது.

அம்முயற்சி வெற்றி பெற்றமைக்குப் பெட்டியைக் காட்டிலும் அதனைக் கவனித்த முறையே காரணம் எனலாம். பெட்டியின் வாயில் ஒன்றரை அங்குல விட்டத்துக்கு மேற்படாதிருப்பின் ஸ்ரார்லிங் புகமாட்டாது. ஆயின் சிட்டுக்குருவி புகும். ஆதலால் பெட்டியை வைத்துவிட்டு வாளாவிருத்தல் பயனளிக்கவில்லை. வாரந்தோறும் திறந்து பார்த்தல், முட்டைகளை எண்ணுதல், குஞ்சு பறந்தபின் பழைய கூட்டை அகற்றித் துப்புரவு செய்தல், பூனையும் பாம்பும் ஏறாவண்ணம் தூணிலே தகடு பொருத்துதல், யாவற்றையும் நாளிட்டுக் குறித்தல் ஆகியன நெறிகளாக வகுக்கப்பட்டன. விரும்பியவர் செய்த பொழுதுபோக்கு, இவ்வாறு குறிப்பேட்டின் வாயிலாக அறிவியலுக்குப் பயனுடையதாயிற்று.

இங்கே ஒரு முரண்பாடு கருதத்தக்கது. தமிழர் அடைக்கலம் தந்த அதே குருவி, அமெரிக்க நீலப்பறவைக் காவலருக்குப் பகையாகத் தோன்றுகின்றது. அவர்கள் அதன் கூட்டைப் பெட்டியிலிருந்து அகற்றுகின்றனர். குருவியின் இயல்பு இரண்டு இடத்திலும் ஒன்றே. ஓரிடத்தில் அது மனையோடு மனையாக ஈராயிரம் ஆண்டுகள் வாழ்ந்தது. மற்றோரிடத்தில் மனிதன் அதனைக் கொண்டுவந்து இறக்கினான். ஓர் ஊரின் உதவிமுறையை ஆராயாது மற்றோர் ஊரிற் கைக்கொள்ளுதல் பொருந்தாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஊரார் காத்த கூடுகள்

தமிழகத்திலே பறவையின் ஈற்றைக் காத்தல் தனிமனிதர் செயலாக அன்றி ஊரின் செயலாக அமைந்தமையைக் காணலாம். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் ஏரிமரங்களிற் கூடுகட்டும் நீர்ப்பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். அதன் பயனாக 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சித்தலைவராகவிருந்த லயனல் பிளேசு, பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்தில் வழங்கினார். அவ்வுரிமை 1858 ஆம் ஆண்டிற் புதுப்பிக்கப்பட்டது. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை ஊரார் அறிந்திருந்தனர். ஆகவே அவர்களது காவலிலே அன்பும் பயனும் கலந்திருந்தன எனலாம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தங்குளத்திலோ கூழைக்கடாவும் நாரையினங்களும் வீடுகளிடையே நிற்கும் மரங்களிலேயே கூடுகட்டுகின்றன. கொல்லையில் எச்சம் விழுவதையும் இரைச்சலையும் மக்கள் பொறுத்துக்கொள்கின்றனர்.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்றும் இவற்றோடு வைத்து எண்ணத்தக்கது. 2020 ஆம் ஆண்டில் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில், தெருவிளக்குகளுக்கான மின்விசைப் பெட்டியினுள் சிறு பறவையொன்று கூடுகட்டி முட்டையிட்டது. விசையை அழுத்தினால் கூடு குலையும் என்பதால், ஊரார் ஒரு மாதத்துக்கு மேலாகத் தெருவிளக்குகளை எரிக்காது இருளிலே நடமாடினர். குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. அப்பெட்டியை எவரும் பறவைக்கென வைக்கவில்லை. பறவை தானே அதனைத் தேர்ந்தது. ஊரார் செய்த உதவி, தம் வசதியொன்றைச் சில நாளைக்கு விட்டுக்கொடுத்தமையே. உதவி என்பது ஒன்றை வைப்பது மட்டுமன்று, ஒன்றைத் தவிர்ப்பதும் ஆகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

குடி நீங்கிய வீடு

அல்லைப்பிட்டி வேலணைத்தீவின் கிழக்குப் பகுதியில் அமைந்தது. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே கடல்நீரேரியைக் கடந்து மண்டைதீவுச் சந்திக்கு அப்பாற் செல்வோர் முதலிற் காணும் ஊர்களுள் இது ஒன்று. பிட்டி என்னும் சொல் மேட்டுநிலத்தைக் குறிக்கும். மணலும் பனையும் தாழைப்புதரும் சூழ்ந்த இவ்வூரிலே மீன்பிடியும் தோட்டமும் மக்களின் தொழில்கள்.

1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தீவகத்தில் நிகழ்ந்த படைநடவடிக்கையின்போது மண்டைதீவு, அல்லைப்பிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். பின்னர் மீண்டு குடியேறியவர்களுக்கு 2006 ஆம் ஆண்டு மறுபடியும் இடர் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்துப் போரின்போது மக்கள் அவ்வூரின் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தனர். ஆகஸ்ட் 13 ஆம் நாள் ஆலயத்தின்மீது எறிகணைகள் விழ, அடைக்கலம் புகுந்தோருட் பலர் உயிரிழந்தனர். எஞ்சியோர் ஊரைவிட்டு நீங்கினர். போர் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்றது. மீண்டு வந்தோர் கூரையற்ற சுவர்களையும் புதர்மண்டிய வளவுகளையும் கண்டனர். தீவகத்தின் பல ஊர்களிற் பூட்டியும் இடிந்தும் கிடக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. அவற்றின் உரிமையாளர் கொழும்பிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழ்கின்றனர்.

குடி நீங்கிய வீடு காட்டுப் பறவைகளுக்கு இடமாகலாம். சிட்டுக்குருவிக்கு அது இடமாவதில்லை. மனிதர் முற்றாக நீங்கிய குடியிருப்புகளிற் சிட்டுக்குருவி நெடுங்காலம் நிலைப்பதில்லை என்பது பல நாடுகளிலும் அவதானிக்கப்பட்ட உண்மை. அதற்குச் சுவரும் கூரையும் மட்டும் போதா. அரிசி புடைக்கும் கைகளும், நெல் காயும் பாயும், கழுநீர் ஊற்றும் அடியும், மாட்டுக் கொட்டிலும் வேண்டும். பன்னிரண்டு நாள்வரை அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் ஊட்டுவதற்குப் புழுபூச்சிகள் வேண்டும். அவை கத்தரியும் வெண்டியும் பயிராகும் கொல்லையிலிருந்தே கிடைப்பவை. எனவே குருவியின் இருப்பு, ஒரு குடும்பம் அவ்வீட்டில் உண்டு உழைத்து வாழ்கின்றது என்பதற்கு அடையாளமாகின்றது. மனிதன் குருவிக்கு அடைக்கலம் தந்தான் என்பது பெயரின் பொருள். அடைக்கலம் தருவோனுக்கே வீடில்லாதபோது அப்பெயர் பொருளிழந்துவிடுகின்றது.

மக்கள் மீண்டும் குடியேறிய இடங்களிலும் வீடு பழைய வீடாக இல்லை. பனையோலையும் கிடுகும் வேய்ந்த கூரைக்குப் பதிலாகத் தகரமும் சீற்றும் கொங்கிறீற்றுத் தட்டும் வந்துள்ளன. வளைக்கும் சுவருக்கும் இடையே இருந்த இடுக்கு மறைந்தது. அரிசி பொதியில் வருகின்றது. முற்றத்தில் நெல் காய்வதில்லை. சிட்டுக்குருவி குறைந்தமை தீவகத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. பிரித்தானியாவில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து அதன் தொகை பாதிக்கு மேற் குறைந்தது. 2010 ஆம் ஆண்டு முதல் மார்ச் 20 ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொள்ளப்படுவதும், தமிழகத்தின் நகரங்களில் மரப்பெட்டிகள் வழங்கப்படுவதும் இக்குறைவினால் எழுந்த முயற்சிகளே. தாழ்வாரத்து முட்டி கூடிவாழும் கூடாக இருந்தது. இன்று அதே முட்டி ஈடுசெய்யும் கூடாக மாறியுள்ளது.

தீவகத்தின் நீலப்பறவை

அமெரிக்க நீலப்பறவை ஈழத்தில் இல்லை. ஆயின் அதே வாழ்க்கைமுறையுடைய நீலநிறப் பறவையொன்று யாழ்ப்பாணத்துக்கு அயலானதன்று. பனங்காடை என வழங்கும் அப்பறவை அமர்ந்திருக்கும்போது மங்கிய நிறத்ததாகத் தோன்றும். பறக்கும்போது சிறகின் கருநீலமும் இளநீலமும் வெயிலில் மின்னும். மின்கம்பியிலும் வேலிக்கதியாலிலும் அமர்ந்து வெட்டுக்கிளியையும் வண்டையும் பாய்ந்து பிடிப்பதால் தோட்டக்காரனுக்கு நண்பனாகின்றது. அதுவும் பொந்திலேயே முட்டையிடுவது. அதற்கும் குடையும் அலகு இல்லை. வட்டு விழுந்து பட்டுப்போன பனையும் தென்னையும் அது விரும்பும் ஈற்றிடங்கள். பெயரிலே பனையைத் தாங்கியிருப்பதும் இயைபுடையதே. கிளியும் மைனாவும் அத்தகைய பொந்துகளையே நாடுவன. பனையுழவாரனோ தொங்கும் காவோலையின் மடிப்பிலே தன் சிறு கூட்டை ஒட்டிவைக்கும்.

போர்க்காலத்திலே வடபகுதியின் பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பெருந்தொகையில் வெட்டப்பட்டன. எறிகணையால் வட்டிழந்து தூண்போல் நின்ற பனைகள் அழிவின் சின்னமாகப் பல ஓவியங்களிலும் படங்களிலும் இடம்பெற்றன. மனிதனுக்கு அழிவைக் காட்டும் அதே மொட்டைப்பனை, உள்ளே சோறு உக்கி வெறுமையானபின், பொந்தில் வாழும் பறவைக்கு ஈற்றிலாகத் தக்கது. 1978 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை புதிய பனைகளை நடுவதற்கு ஊக்கமளித்தது. இன்று ஊன்றும் பனங்கொட்டை முதிர்ந்து பட்டு மொட்டைப்பனையாவதற்குத் தலைமுறைகள் கழியவேண்டும். ஆகவே நிற்கும் மொட்டைப்பனையைப் பயனற்றதென்று தறித்து விடுவது எளிதில் ஈடுசெய்ய இயலாத இழப்பாகும். ஐரோப்பாவிலே, பனங்காடையின் உறவினமான பறவை அருகிய ஸ்பெயின், ஹங்கேரி முதலிய நாடுகளிற் பெட்டிகள் வைத்து அதனைப் பெருகச்செய்தனர். அங்கு முதுமரங்கள் முன்னரே அழிந்தமையால் பெட்டி தேவைப்பட்டது. மரம் இன்னும் நிற்கும் நாட்டிலே மரத்தைக் காப்பதே முதற்கடமையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மனிதர் அமைத்த கூடுகளின் வரலாறு பறவையின் வரலாறாக மட்டுமன்றி, மனிதர் தம்மைச் சார்ந்த உயிர்களை எவ்வாறு நோக்கினர் என்பதன் வரலாறாகவும் அமைதல் புலனாகும். நெடுந்தீவின் புறாக்கூடு ஆட்சியாளரின் தேவைக்காக எழுந்து, ஆட்சி நீங்கியபின் வெறுமையாக நிற்கின்றது. அமெரிக்கரின் பெட்டி, செய்த தவற்றை உணர்ந்த சமுதாயம் இட்ட ஈடு. இவற்றிடையே தாழ்வாரத்து முட்டி, கட்டளையோ சங்கமோ இன்றி எளிய குடும்பங்களாற் பேணப்பட்டது.

அம்மரபினை மீட்பது அரிய செயலன்று. குருவிக்கு மழைச்சாரல் படாத தாழ்வாரத்திலே பூனைக்கு எட்டாத உயரத்தில் ஒரு முட்டியைப் படுக்கையாகக் கட்டுதலும், கொல்லைப் பயிருக்குப் பூச்சிநஞ்சு தெளிப்பதைக் குறைத்தலும், வளவின் மூலையில் நிற்கும் மொட்டைப்பனையை வீட்டின்மேல் விழும் அச்சமில்லாதவிடத்து விட்டுவைத்தலும் எவராலும் இயல்வன. இவற்றோடு நீலப்பறவைக் காவலரிடம் கற்கத்தக்க ஒன்றையும் சேர்த்தல் நன்று. எந்த நாளிற் குருவி வந்தது, எந்த நாளிற் குஞ்சு பறந்தது என்பதை ஒரு கொப்பியிற் குறித்தலே அது. இலங்கைப் பறவைக் கழகம் 1943 ஆம் ஆண்டிலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த களப் பறவையியற் குழு 1976 ஆம் ஆண்டிலும் தோன்றின. எனினும், போர்க்காலத்திலே வடபகுதிக்குச் சென்று அவதானித்தல் அரிதாயிற்று. தீவகத்தின் பறவைக் குறிப்புகளில் அந்த ஆண்டுகள் வெற்றிடமாக உள்ளன. அல்லைப்பிட்டியிலோ வேலணையிலோ புங்குடுதீவிலோ பள்ளி மாணவர் சிலர் பத்தாண்டுகள் தொடர்ந்து எழுதும் குறிப்பு, வருங்கால ஆய்வாளருக்கு அவ்வெற்றிடத்தின் பின்னான முதற்சான்றாகும். ஊர் மீண்டும் ஊராயிற்றா என்பதற்குப் புதிய வீடுகளின் எண்ணிக்கை ஓர் அளவுகோல். அவ்வீடுகளில் எத்தனையிற் குருவி கூடுகட்டியது என்பதும் ஓர் அளவுகோலே.